இருட்டு ஒட்டிய கைகள்

ஊஞ்சப்பாளையம் நீலத்தாமரை தீம் பார்க்கின் பேய் மாளிகைக்குள் போய்வந்த ஆண்களின் கையில் இருட்டு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது அக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. முதல் ஆள் மஞ்சள் சட்டை போட்டிருந்தான், நண்பர்கள் நாலு பேரோடு வந்திருந்தான். வெளிவாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே வெயிலில் இறங்கி, பாப்கார்ன் வாங்கக் கையை நீட்டியபோது, கடையில் நின்ற பெண் அவனுக்கு மணிக்கட்டோடு கை முடிந்துவிட்டது என்று நினைத்து, பாவம், பொட்டலத்தை அவனுடைய இடது கையில் கொடுக்கப் போனாள். கை இருந்தது. வெயில்தான் அதன்மேல் விழவில்லை. கருப்பு என்று சொல்ல முடியாது, கருப்புக்குக்கூட ஒரு மினுக்கம் உண்டு. இதுவோ மூடிய அறையின் இருட்டில் ஒரு கையளவு வெட்டியெடுத்து மாட்டிவிட்டது போல இருந்தது. மோதிரம் தெரியவில்லை, விரல்களை எண்ண முடியவில்லை, செல்போன் விளக்கை அடித்தால் வெளிச்சம் உள்ளே போயிற்றே தவிர எதன்மேலும் பட்டுத் திரும்பவில்லை.

அவன் பயப்படவில்லை. டிக்கெட்டோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டான். நண்பர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள், எந்த சோப்புப் போட்டால் போகும் என்று காவலாளியைக் கேட்டார்கள், சாயங்காலத்துக்குள் அவன் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, போன வருஷம் வந்தபோது வெறும் ஏமாற்று வேலை, இந்த வருஷம்தான் உருப்படியாக ஏதோ செய்திருக்கிறார்கள் என்று எழுதினான்.

போன வருஷம் ஏமாற்று வேலை என்பது உண்மைதான், அது உள்ளே பேயாக நின்ற சுகந்தாமணிக்கே தெரியும். வெளிநாட்டில் அக்டோபர் கடைசியில் பேய்களுக்கு ஒரு திருவிழா நடக்கிறதென்று யாரோ சொல்ல, நீலத்தாமரையின் மேனேஜர் சிதம்பரநாதன் தெர்மாகோலில் பூசணிக்காய் செதுக்கி வாசலில் அடுக்கி, இரும்புக் கம்பியில் ஓடும் எலும்புக்கூடு ஒன்றைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்துத் தொங்கவிட்டார். அது ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நின்று, பழைய கட்டில் மாதிரிக் கிறீச்சிட்டுவிட்டுப் பின்னால் போனது. ஒலிபெருக்கியில் ஒரே சிரிப்பு எட்டு நொடிக்கு ஒருதரம் வந்தது. மூன்றாவது சிரிப்புக்குச் சின்னப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

முப்பத்தைந்து வயதில் எப்படிப் பேயானாள் என்று யாராவது கேட்டால், டிக்கெட் கவுண்டரில் ஆள் வேண்டாமென்றார்கள், உள்ளே வேண்டுமென்றார்கள் என்று சுகந்தாமணி சொல்வாள். ஆனால் சேர்ந்த ஆறு மாதத்தில் அந்த வேலையில் அவளுக்கு மிஞ்சிய ஆள் இல்லை. பாய்ந்து வருவது பயமில்லை, பாயப் போகிறது என்று நினைக்க வைப்பதுதான் பயம் என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். மூன்றாவது அறையில் கிணற்றடி செட்டில், ஈரத்தலையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். கூட்டம் உள்ளே வரும், அவள் திரும்பமாட்டாள், கூட்டம் கிட்டத்தில் வரும், அப்போதும் திரும்பமாட்டாள், கடந்து போகும்போதும் திரும்பமாட்டாள். வாசலைத் தாண்டியவர்கள் திரும்பிப் பார்க்கும்போதுதான் அவள் அவர்களுக்குப் பின்னால் நாலடியில் நிற்பாள், அப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே. பெரிய பெரிய ஆண்கள் மாமா, மச்சான் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்த அலறலைக் கேட்டால், ரசம் சரியாகக் கூடிவந்தது போல அவளுக்குள் ஒரு நிறைவு வரும்.

அந்த நிறைவைக் கெடுத்தது நான்காவது இடம். கிணற்றடிக்கு அடுத்து முப்பது அடி நீளத்துக்கு ஒரு சந்து. அங்கே செட் இல்லை, சத்தம் இல்லை, முழு இருட்டு. சுவரோரம் கருப்பு அங்கியில் ஒரு பெண் நின்று, கடந்து போகிறவர்களின் காதில் ஊதவேண்டும், அவ்வளவுதான் வேலை. அங்கே நின்றவள் கவிப்ரியா, இருபத்தோரு வயது, கல்லூரியைப் பாதியில் விட்டவள். பயந்தவன் கத்துவான், ஓடுவான். கூட்டாளிகள் முன்னால் பயத்தை ஒத்துக்கொள்ள முடியாதவன் கையை நீட்டுவான். தினமும் நீட்டினார்கள். கிள்ளினார்கள், பிசைந்தார்கள், ஒருவன் அங்கியைக் கழுத்துவரை தூக்கப் பார்த்தான், எல்லாரும் சிரித்துக்கொண்டே வெயிலில் போய் இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கவிப்ரியா நான்கு முறை மேனேஜரிடம் போனாள். நான்கு முறையும் சிதம்பரநாதன் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, இருட்டில் கேமராவில் ஒன்றும் பதியாதே என்று வருத்தப்பட்டு, ஒரே கேள்வியைக் கேட்டார்.

"யாருன்னு சொல்லும்மா, நடவடிக்கை எடுக்கறேன். அந்த இருட்டுல உனக்கே தெரியலீன்னா, நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அப்படிக் கேட்ட மூன்றாம் நாள்தான் மஞ்சள் சட்டைக்காரன் இருண்ட கையோடு வெளியே வந்தான்.

அன்றைக்குப் பதினாறு கைகள். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தி மூன்று. பேய் மாளிகைக்கு வரிசை நின்றது, தண்ணீர்ச் சறுக்கில் ஆளே இல்லை. சிதம்பரநாதன் இது என்ன மாயம் என்று யாரையும் கேட்கவில்லை, 'இருளைத் தொட்டுப் பாருங்கள்' என்று பேனர் அடித்து வைத்தார். திங்கட்கிழமைதான் முதல் ஆளின் தாயார் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, மூன்று நாளாக எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, இலையில் சோறு பிசைகிற கையே தெரியவில்லை என்று ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் குடிக்கப் போன கவிப்ரியா அவனைப் பார்த்தாள், அவனுடைய கையைப் பார்த்தாள், பிறகு நேராகக் கிணற்றடிக்கு வந்து, சுகந்தாமணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இவன்தான் அக்கா, சனிக்கிழமை முதல் ஷோவில் இவன்தான் என்றாள். சட்டையைப் பார்க்கவில்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, என்மேல் பட்ட கையை என் உடம்புக்குத் தெரியாதா என்றாள்.

பிறகு மாளிகைக்குள் வேலை செய்த பெண்கள் ஆறு பேரும் ஒருநாள் முழுக்கக் கணக்காகப் பார்த்தார்கள். சந்தில் நிற்பவள் தன்மேல் கை பட்டால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவது, வெளிவாசலில் டீ குடிப்பவள் போல நிற்பவள் வருகிற கைகளைப் பார்ப்பது. தட்டின் கணக்கும் இருண்ட கைகளின் கணக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. தடுமாறி விழப்போய்ப் பிடித்துக்கொண்டவர்கள், பயத்தில் தள்ளியவர்கள், அப்பாவென்று நினைத்து அங்கியைப் பிடித்த பிள்ளைகள், யார் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருட்டுக்குத் தெரிந்திருந்தது.

விஷயம் ஒரு வாரத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று, ஆனால் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, அதுதான் இந்த ஊரின் சாமர்த்தியம். கை இருண்டவன் சைலன்சரில் சுட்டுக்கொண்டேன் என்றான், வீட்டார் ஆமாம் சைலன்சர்தான் என்றார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்யாதவன்கூடச் சாயம் தெறித்துவிட்டது என்றான், கேட்டவர்கள் இந்தக் காலத்துச் சாயமே அப்படித்தான் என்றார்கள். பனியன் கம்பெனிகள் பனியனை நிறுத்திவிட்டுக் கையுறை நெய்தன. வலதுகைக்கு மட்டும் ஆறு உருப்படி கொண்ட பொட்டலம் மளிகைக் கடைகளில் ஷாம்புவோடு தொங்கியது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் இருண்ட பெருவிரலை விரலென்றே ஒத்துக்கொள்ளாததால், கண்ணைக் காட்டினால் போதும் என்று ஏற்பாடு வந்தது. கோயிலில் ஐயர் விபூதியைக் கரண்டியால் தலைக்கு மேலிருந்து போட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை கையுறையோடு காபி குடித்தார், பெண்ணின் அப்பா அதைக் கவனிக்காதவர் போல மழையைப் பற்றிப் பேசினார், ஏனென்றால் அவர் பேசும்போது அவருடைய கையும் மேல்துண்டுக்குள் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது வணக்கம் போடுவதை விட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தார்கள், ஒன்றைத் தவிர. அந்த ஆறு பெண்களிடம் வந்து உங்களுக்கு என்னம்மா ஆயிற்று என்று ஓர் ஆள் கேட்கவில்லை.

கேட்காதது மட்டுமில்லை. பேய் வேஷம் போட்டுப் போட்டு அதுகள் உடம்பில் ஏதோ ஏறியிருக்கிறது என்று டீக்கடையில் பேச்சுப் புறப்பட்டது, மருந்து தடவிக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான், எதற்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமே என்று படித்தவன் சொன்னான். சிதம்பரநாதன் ஆறு பேருக்கும் முழங்கால் வரை தொங்கும் ரெக்சின் கோட்டு தைத்துக்கொண்டு வந்து, வாடிக்கையாளர்களின் பாதுகாப்புக்காக இனிமேல் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அவர் அதை வெட்கமில்லாமல் சொன்னார். சுகந்தாமணி அந்தக் கோட்டை வாங்கி, நன்றாக மடித்து, அவருடைய மேசைமேல் அவர் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. 

ஒரே ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லவேண்டும். பெண்கள் வரத் தொடங்கினார்கள். கம்பெனிப் பெண்கள், கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், கூட்டம் கூட்டமாக உள்ளே வந்து அந்தச் சந்தில் கடைவீதியில் நடப்பது போல நிதானமாக நடந்தார்கள். முன்பெல்லாம் அவர்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். இப்போது இருட்டில் நின்று கதை பேசினார்கள். வெளியே போனதும், பேய் மாளிகை பரவாயில்லை, ஆனால் பயமே இல்லை, ஏமாற்றமாக இருக்கிறது என்றார்கள். சுகந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும்முன் கோபம் வந்தது. எலும்புக்கூட்டை மாற்று, சிரிப்பை மாற்று என்று மேனேஜர் எத்தனை கூட்டம் போட்டிருப்பார். பாதிப்பேர் எந்தக் காலத்திலும் பேய்க்குப் பயப்படவில்லை, பின்னால் வருகிறவனுக்குத்தான் பயந்தார்கள்.

மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை கவிப்ரியா இனிமேல் சந்தில் நிற்கமாட்டேன் என்றாள். கை இருளட்டும், இருண்டுவிட்டுப் போகட்டும், தொடுவது தொடுவதுதானே அக்கா, என் உடம்பு என்ன சீல் குத்துகிற மெஷினா என்று கேட்டாள். அது நியாயமாக இருந்தது. சுகந்தாமணி தன்னுடைய விக்கையும் வெள்ளைச் சேலையையும் அவளுக்குக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நிற்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கருப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு சந்துக்குப் போனாள்.

அன்று மூன்று மணி ஷோவுக்கு ஒரு பனியன் கம்பெனியிலிருந்து டூர் வந்திருந்தார்கள். கையுறை போட்டவன் போடாதவன் எல்லாம் கலந்து பத்துப் பன்னிரண்டு பேர், சிரிப்பும் விசிலுமாகச் சந்துக்குள் வந்தார்கள். சுகந்தாமணி ஒருவன் காதில் ஊதினாள், அவன் கத்தினான், மற்றவர்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு கை அங்கியின் பக்கவாட்டு வழியாக நுழைந்து அவளுடைய மார்பைப் பிடித்துத் திருகியது. வலியில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுவரில் தட்டவேண்டும் என்று தோன்றியது, தட்டினாள். கை போய்விட்டது.

அவர்கள் போன பிறகு கவிப்ரியா விக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, மாமா வந்தாருக்கா. நீங்கன்னு நெனச்சுட்டு என்ற முதுகுகிட்ட நின்னு, 'சாப்டியா சுகந்தி'ன்னு கேட்டுட்டுப் போனாரு."

மாமா என்றால் கிட்டுசாமி, சுகந்தாமணியின் கணவன், டூர் வந்த அந்தக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். நல்லவன் என்று தெருவில் பெயர் எடுத்தவன், அவளுக்குக் காய்ச்சலென்றால் கஞ்சி வைப்பவன், எட்டாவது படிக்கிற மகளுக்குத் தலை பின்னத் தெரிந்தவன். கிணற்றடிக்கும் சந்துக்கும் நடுவில் பத்து அடி. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பத்து அடி நடந்திருக்கிறான். வெளிவாசலில் வழக்கம்போல டீ குடிப்பவளாக நின்ற பெண் அன்று சுகந்தாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. சுகந்தாமணியும் அவளைக் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போனபோது கிட்டுசாமி டிவி முன்னால் வலது கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், சுடுதண்ணீர் அடித்துவிட்டது என்றான். அவள் மகளைக் கடைக்கு அனுப்பினாள், டிவியை நிறுத்தினாள், அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள். அவன் தடுக்கவில்லை. துண்டு முடிந்த இடத்தில் இருட்டு இருந்தது. பதினாறு வருஷமாகத் தெரிந்த கை, மூன்று மணிக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள், இப்போது தெரிந்தது: அந்தக் கை வீட்டில் ஒருநாளும் அப்படி நடந்துகொண்டதில்லை.

அவன் அழுதான். கூட வந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள் என்றான், ஒரு நிமிஷம் புத்தி கெட்டுவிட்டது என்றான், அந்தப் புள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்றான்.

"எந்தப் புள்ளகிட்டங்?" என்று கேட்டாள் சுகந்தாமணி.

"அந்தச் சந்துல நிக்கற புள்ள."

"அது நாந்தானுங்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் வந்ததைப் பார்த்துத்தான் அவள் அவனை வெறுத்தாள். அதற்குமுன் வெறுக்கவில்லை, அதற்குமுன் அவளுக்கு அழுகைதான் இருந்தது. அவன் முகத்தில் நிம்மதி வந்தது.

"நீயா? அட, சாமி புண்ணியம். நீன்னு தெரிஞ்சிருந்தா—"

"தெரிஞ்சிருந்தாத் தொட்டிருக்கமாட்டீங்க."

அவன் துண்டை மறுபடி கையில் சுற்றிக்கொண்டான்.  சொந்தப் பெண்டாட்டியைத்தானே தொட்டாய், இதிலென்ன தப்பு என்று அன்று ராத்திரி அவனுடைய அண்ணன் போனில் சொன்னார், மறுநாள் காலையில் மாமியார் வந்து சொன்னாள், கோயில் தலைவர் சொன்னார். சொல்லச் சொல்ல கிட்டுசாமிக்கே அது சரியென்று பட ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் கையுறை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வண்டி எடுக்கப் போய்விட்டான். சிதம்பரநாதனும் ஆள் அனுப்பினார். பார்க்கில் உபயோகித்த பெயின்டினால் ஏற்பட்ட ஒவ்வாமை என்று ஆறு பெண்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், எல்லாருக்கும் நல்லது, மாளிகையைப் பெயின்ட் அடித்துத் தொடர்ந்து நடத்தலாம் என்று அவன் தாளை நீட்டிச் சொன்னான். ஐந்து பேருடைய கையெழுத்துக்கு இடம் விட்டு, முதல் இடத்தில் சுகந்தாமணியின் பெயரை அவரே டைப் அடித்திருந்தார்.

சுகந்தாமணி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கவிப்ரியாவும் கூட ஏறினாள், ஏன் வருகிறாய் என்று இவள் கேட்கவில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதும் ரைட்டர் அம்மாள் வயதானவர், ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது. வெளியே வேப்பமர நிழலில், வேறு வேறு வழக்குக்காக வந்த ஆண்கள் பத்துப் பேர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். ரைட்டர் அம்மாள் சுகந்தாமணி நீட்டிய தாளைப் படித்துப் பார்த்தார், அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். அவள் விலாசம் கேட்டார், நடந்த இடம் கேட்டார், தேதி கேட்டார், நேரம் கேட்டார். இந்த ரெண்டு வாரத்தில் இந்த விஷயமாக யாருமே வரவில்லை, வந்தாலும் ஆள் பேர் தெரியாமல் நான் என்னத்தை எழுதுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுகந்தாமணி தொட்டவன் பேரைச் சொன்னாள், அவன் தகப்பனார் பேரும் கதவு எண்ணும் சொன்னாள். ரைட்டர் அம்மாள் இரண்டு கதவு எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"ஊட்டுக்காரருங்."

"ஊட்டுக்காரர் தொட்டாருன்னா கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார். கவிப்ரியா பெஞ்சில் நகர்ந்து கிட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். சுகந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு என்னையத் தொடலீங்க. அங்க வேலைக்கு நின்ன ஒருத்தியத் தொட்டாரு. அது நானாப் போச்சு, அவ்வளவுதான்."

ரைட்டர் அம்மாள் பேனாவைத் தாள்மேல் வைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சொன்னது சொன்னபடியே எழுதவேண்டும், ஒரு வார்த்தை விடக்கூடாது, மறுபடி நிதானமாகச் சொல்லுங்கள் என்றார்.

சுகந்தாமணி எழுந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.